வார் கட்டியவன்

குதிரைக்கு வார் கட்டுவதில் முனீர் அகமதுக்கு ஒரு முறை இருந்தது. சேணத்தை முதுகில் வைத்ததும் வயிற்றைச் சுற்றி ஒரு தடவை இழுத்துக் கட்டுவார். குதிரை கள்ளத்தனமாக வயிற்றை ஊதி வைத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு பீடி பிடிக்கும் நேரம் சும்மா விட்டுவிட்டு, அது மறந்துபோய் மூச்சை விட்டதும் திரும்ப வந்து இரண்டு ஓட்டை ஏற்றிக் கட்டுவார். கடைசியில் வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். இருபத்தாறு வருஷத்தில் அவர் கட்டிய வார் நழுவி யாரும் விழுந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிறதைக் கேட்டு யாரும் அந்த மனுஷன்மேல் சந்தேகப்பட்டுவிடக் கூடாது.

பண்ணை இருப்பது தேன்கனிக்கோட்டை சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. பெங்களூர் ஹரீஷ்குமாருக்குச் சொந்தம். ஒன்பது குதிரைகள். சனி, ஞாயிறு ஆனால் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் விடியற்காலையிலேயே காரில் வந்து இறங்கி, முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு ‘ட்ரெயில்’ போவார்கள். ட்ரெயில் என்றால் வேறொன்றும் இல்லை, நம் ஊர் வண்டிப்பாதைதான். கேழ்வரகுக் காட்டுக்கு நடுவில் போய், ரோஜாப்பூ வளர்க்கிற பிளாஸ்டிக் கொட்டகைகளைத் தாண்டி, ஏரிக்கரைமேல் ஏறி, தைலமரத் தோப்பைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவது. அதையே நம் ஆட்கள் புல்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒருவரும் படம் எடுப்பதில்லை.

குதிரைகளுக்கு வைத்தியம், லாடம், சேணம் எல்லாம் முனீரின் பொறுப்பு. முன்னால் ஒரு குதிரையில் ஏறிக்கொண்டு வழிகாட்டிப் போவது சம்பங்கியின் வேலை. சம்பங்கி முன்பு ஏர் ஓட்டியவன். இருந்த இரண்டு ஏக்கர் பங்காளிகளுக்குள் பிரிந்து, கைக்கு வந்தது நிற்கிற இடமாகச் சுருங்கியதும் இங்கே வந்தான். ஆறு வருஷமாகிறது. மாட்டைப் பழக்கத் தெரிந்தவனுக்குக் குதிரை சீக்கிரம் வசப்பட்டது. ரூபி என்கிற பெட்டைக்குதிரை அவனுக்கு மட்டும்தான் வசப்பட்டது.

ரூபி பெங்களூர் ரேஸில் ஓடிக் கழித்துவிடப்பட்ட குதிரை. சம்பங்கி அதைச் செவலை என்றுதான் கூப்பிடுவான். லாயத்தை விட்டு வெளியே வந்ததும் நாலு காலும் தரையில் பாவாது. காற்றில் ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தால் பக்கவாட்டில் ஒரு தாவு தாவும். பின்னால் வேறு குதிரை முந்தப் பார்த்தால் காதை மடக்கிக்கொண்டு பறக்கும். நன்றாக ஏறத் தெரிந்தவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். எவ்வளவு ஆட்டம் போட்டாலும் சம்பங்கி இறங்கி வந்து நெற்றி மயிரை ஒதுக்கி, காதுக்குப் பக்கத்தில் ஏதாவது முனகினால் நின்றுவிடும். என்ன முனகுகிறான் என்று முனீர் ஒரு நாள் கேட்டதற்கு, “சும்மா எதுனா பேசறதுதான் பாய். அதுக்கு என்னா புரியப்போவுது” என்றான்.

சம்பங்கிக்கு இருந்த குறை மாமனார் வீடு. கெலமங்கலம் தாண்டி ஒரு ஊர். மாமனார் திம்மராயன் மூன்று ஜோடி மாடு வைத்திருந்தவர், யாருக்கும் தலை குனியாதவர். மருமகன் பண்ணைக்கு வேலைக்குப் போன சமயம், “குதிரை லத்தி அள்றதுக்கா என் பொண்ணைக் குடுத்தன்” என்று நாலு பேர் இருக்கும்போது சொல்லிவிட்டார். மகள் வினோதா அதைக் கேட்டுவிட்டு வந்து மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நாலாம் நாள் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

போன கார்த்திகையில் மச்சினன் அன்புமணிக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

“மாமா, உங்க பண்ணையிலதான் இத்தினி நிக்குதே. ஒண்ணு ஓட்டிக்கினு வர முடியாதா?” என்று போனில் கேட்டான்.

“நம்ம பண்ணைதானே. ஓட்டிக்கினு வர்ரன் போ” என்றான் சம்பங்கி.

நம்ம பண்ணை என்று எல்லா வேலைக்காரனும்தான் சொல்கிறான். அதில் தப்பில்லை. ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் வைத்த ப்ளக்ஸில் சம்பங்கியின் படத்தைப் போட்டு, ‘குதிரை உபயம்: குதிரைப் பண்ணை உரிமையாளர் சம்பங்கி’ என்று அச்சடித்திருந்தார்கள். அதை அவன் பார்த்தான். ‘உரிமையாளர்’ என்கிற சொல்லை எடுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் நின்று ஒரு செல்பி எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை. ஹரீஷ்குமார் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். முனீர் அன்று பர்கூருக்குப் போயிருந்தார். அவர் மகள் ஃபிசா அங்கே அரசு எஞ்சினீயரிங் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மதியம் சோறு தின்றதும் சம்பங்கி செவலைமேல் ஏறி, தார்ச்சாலையை விட்டுக் காட்டுவழியாகவே கிளம்பினான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கார்த்திகை வெயில். அறுத்துப் போட்ட கேழ்வரகு அரிஅரியாகக் கிடந்தது. அவரைக் காடு முழுக்கப் பூத்து வாசனை அடித்தது. ஒரு ஓடையை அவன் சுற்றிப் போகப் பார்க்க, குதிரை கேட்காமல் ஒரே தாவில் தாண்டியது. ஏரிக்கரையில் கடிவாளத்தைத் தளர்த்தி விட்டான். அதன் பிறகு அவனுக்குக் காற்றும் குளம்புச் சத்தமும் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்து காதுப் பக்கம் ஓடியது. அன்று அந்தக் குதிரை தன்னுடையதுதான் என்று அவன் நம்பினான். நம்பினதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊர்வலம் பொழுது சாய்கிற நேரத்தில் தொடங்கியது. அன்புமணி தலைப்பாகையோடு மேலே இருந்தான். பேண்டுக்காரர்கள் முன்னால். திம்மராயன் மருமகனின் தோளில் கை போட்டு, வந்தவர்களிடமெல்லாம், “நம்ம மாப்ள குதிரை” என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் கை அவன் தோளில் விழுந்தது அதுதான் முதல் தடவை. மாரியம்மன் கோயில் முனையில் பையன்கள் ஐயாயிரம்வாலாச் சரத்தை நீளமாக விரித்துப் பற்ற வைத்தார்கள். செவலை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நடுங்கியது. சம்பங்கி அதன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காதில் பேசிக்கொண்டே இருந்தான். ஒரு வெடி அறுந்து வந்து வயிற்றுக்கு அடியில் வெடித்தது. அது அப்போதும் ஓடவில்லை. அவன் பிடித்திருக்கிறான் என்கிற ஒரே காரணத்துக்காக நின்றது.

“பாத்தியா, வெடிக்கே அசையல” என்றார்கள். எல்லோருக்கும் பெருமை. அன்று ராவோடு ராவாகச் சம்பங்கி அதைப் பண்ணைக்கு ஓட்டி வந்து கட்டிவிட்டான்.

மறுநாள் காலை முனீர் வந்து குதிரைகளைத் தேய்த்துவிடும்போது செவலையின் பின்காலில், உட்பக்கம், ரூபாய் நாணயம் அளவுக்கு மயிர் கருகித் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தார்.

“என்னாபா இது?”

“முள்ளு கிழிச்சிருக்கும் பாய்.”

முனீர் குனிந்து மோந்து பார்த்தார். “முள்ளுல வெடிமருந்து வாசனை வருமா?”

சம்பங்கி புல்லை உதறுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

“நான் பர்கூர் போன நேரமாப் பாத்து எங்கியோ ஓட்டிக்கினு போயிருக்க. எங்கன்னு நான் கேக்கல. கேட்டா நீ பொய் சொல்லுவ, நான் அதை நம்புனாப்பல இருக்கணும். எனக்கு எதுக்கு அந்த வேல?” முனீர் பஞ்சில் மருந்தைத் தொட்டுப் புண்ணில் வைத்தார். குதிரை துள்ளியது. “புண்ணு சின்னது, ஆறிடும். அதுல்ல விசயம். காதைப் பாரு. டப்பா உருண்டா கூட ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது. பத்து நாளைக்கு இதை வெளிய எடுக்காத. சார் வந்ததும் சொல்லிடு.”

“நீங்களே சொல்லிடுங்க பாய்.”

“நான் எதுக்குச் சொல்லணும்? ஓட்டிக்கினு போனது நானா?”

சம்பங்கி சொல்லவில்லை. கால் சரியில்லை என்று சொன்னால் டாக்டர் வருவார். டாக்டர் வந்தால் தீக்காயம் என்பார். தீ எங்கிருந்து வந்தது என்று சார் கேட்பார். இப்படி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தே வெள்ளியும் சனியும் போய்விட்டன. சனிக்கிழமை யாரும் ரூபியைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சுவாதி வந்தாள்.

சுவாதி ஒரு வருஷமாக வருகிறவள். நன்றாக ஏறுவாள். அவளுக்கு ரூபிதான் வேண்டும். முனீர் சேணத்தை எடுத்துக்கொண்டு வந்து சம்பங்கியை ஒரு பார்வை பார்த்தார். சாரிடம் சொல்லிவிட்டாயா, அவர் எடுக்கச் சொன்னாரா என்கிற பார்வை. சம்பங்கி தலையை ஆட்டினான். சொல்லிவிட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பரவாயில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படியொரு ஆட்டல். முனீர் முதல் தடவை கட்டி, காத்திருந்து, இரண்டாம் தடவை ஏற்றிக் கட்டி, இரண்டு விரல் விட்டுப் பார்த்தார்.

மூடுபனி விலகாத நேரம். சம்பங்கி முன்னால், சுவாதி பின்னால். ரூபி கடிவாளத்தைக் கடித்துக்கொண்டு குறுக்கே குறுக்கே நடந்தது.

“இன்னைக்கு என்ன அண்ணா, மேடம் ரொம்ப ஆட்டமா இருக்காங்க?” என்று சுவாதி சிரித்தாள்.

“பனியில்லமா, அதான்” என்றான்.

தைலமரத் தோப்பைத் தாண்டியதும் வயல்வெளி. கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி வருகிற மாதம் அது. முந்தின நாள் வந்த யானைகள் பக்கத்து ஊர் ஏரியில் தங்கிவிட்டதால், வனக்காவலர்களும் ஊர்க்காரர்களும் அவற்றைக் காட்டுக்குள் திருப்ப வெடி போட்டார்கள். வருஷா வருஷம் கேட்கிற சத்தம். முன்பெல்லாம் ரூபி அதற்குக் காதை மட்டும் திருப்பும். அன்று முதல் வெடிக்கே பின்னங்காலில் குந்தி எழுந்தது. அடுத்த வெடிக்குப் பறந்தது. சம்பங்கி தன் குதிரையை விரட்டிப் பார்த்தான். ரேஸ் குதிரையை அது எங்கே பிடிக்கப்போகிறது. அறுப்பு முடிந்த காட்டில் சுவாதி பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப தூரம் தாக்குப்பிடித்தாள். கல் வரப்பு ஒன்றைத் தாண்டும்போது விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

குதிரை நாலு வயல் தள்ளிப் போய் நின்று நுரை தள்ளியது. சம்பங்கி போய்ப் பிடித்தான். பிடித்ததும் முதலில் அவன் கை வாருக்குத்தான் போனது. இரண்டு விரல் விட்டுப் பார்த்தான். இரண்டு விரல்தான் போயிற்று.

சுவாதியைக் காரில் ஏற்றும்போது அவள் வலியில், “சேணம் சரிஞ்ச மாதிரி இருந்துச்சு” என்றாள். விழுகிறவர்களுக்கு உலகமே சரிந்த மாதிரிதான் இருக்கும். அவள்மேல் தப்பில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஹரீஷ்குமாருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதற்குள் சேணத்தையும் கழற்றி வைத்தாகிவிட்டது.

“வார் யார் கட்டினது?”

“முனீர் பாய்தான் சார்” என்றான் சம்பங்கி. அது உண்மை.

முனீர் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். “நான்தான் கட்டினன் சார். சரியாத்தான் இருந்துச்சு. கூடப் போனவன் அவன்தானே, அவனைக் கேளுங்க.”

“சம்பங்கி, நீ பார்த்தியா?”

“நான் முன்னால போய்க்கினு இருந்தன் சார். கவனிக்கல.”

முனீர் காத்திருந்தார். அவன் வாயிலிருந்து இன்னும் ஒரு வாக்கியம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. ஹரீஷ்குமார் வயதாகிவிட்டது, கண்பார்வை, வருகிறவர்களின் உயிர் என்று என்னென்னவோ சொல்லி அவரை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். முனீர் குளம்பு சீவுகிற கத்தியையும் அரத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குதிரை முன்னாலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, சைக்கிளை எடுத்தார். ரூபியையும் வைத்திருக்கக் கூடாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போகட்டும் என்று முடிவாயிற்று. புரோக்கர் எங்கே விற்பான் என்று யாரும் கேட்கவில்லை. ஆந்திராப் பக்கம் செங்கல் சூளைகளில் பாரம் இழுக்கக் குதிரை வாங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரம் சம்பங்கிக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வினோதா முதல் ஷிப்ட் முடிந்து வந்து, களியைக் கிண்டி அவரைக்கொட்டைக் குழம்போடு தட்டில் வைத்தாள். அவன் களியை உருட்டிக்கொண்டே இருந்தான்.

“ஞாயித்துக்கெழம அன்புமணியும் புதுப்பொண்ணு மேகலாவும் விருந்துக்கு வர்ராங்களாம். அப்பாவும் வர்ராரு. சாப்பாட்டுக்கு முன்னால பண்ணையைப் பாக்கணுமாம். மேகலா குதிரைகூட போட்டோ எடுக்கணும்னு சொல்லுதாம்.”

“வேணாம்னு சொல்லு.”

“என்னான்னு சொல்றது? பண்ணைக்காரரு மாப்ள வேணாம்னாருன்னு சொல்லவா?”

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்த ப்ளக்ஸைக் கம்பெனி பஸ்ல போற பொண்ணுங்க பாத்துட்டு, உங்க ஊட்டுக்காரரு ஓனராக்கா, அப்புறம் நீ எதுக்கு வேலைக்கு வர்ரன்னு கேட்டாளுங்க மாமா. சிரிச்சிக்கினு ஒக்காந்திருந்தன். மூஞ்சை எங்க வெச்சிக்கிறதுன்னு தெரில.”

அப்போதுதான் அவன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். வெடி, புண், முனீர் சொன்னது, தலையை ஆட்டினது, இரண்டு விரல் விட்டுப் பார்த்தது வரைக்கும். களி ஆறிக் கல்லாகிவிட்டது.

“ரெண்டு வெரலு வெச்சிப் பாத்தியா?”

“பாத்தன்.”

“பாத்துட்டு கவனிக்கலன்னு சொன்னியா?”

“ம்.”

“எங்கப்பன் லத்தி அள்றவன்னு சொன்னப்ப எனக்கு எங்கப்பன்மேலதான் கோவம் வந்துச்சு. உன்னால ஒரு நாளும் அவமானப்பட்டதில்ல. இன்னிக்கிப் படறன்.” அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். அவன் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. அதுதான் அவனை உட்கார விடவில்லை.

புதன்கிழமை தேன்கனிக்கோட்டைக்குப் போனான். முனீர் வீட்டு வாசலில் ஒருவர் தன் ஜோடி மாட்டோடு நின்றார். முனீர் மாட்டைச் சாய்த்துப் போட்டு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். சம்பங்கியைப் பார்த்ததும், “அந்தக் காலைப் புடி” என்றார். அவன் பிடித்தான். நாலு கால் முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் வேலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. மாட்டுக்காரர் போனதும் முனீரின் மனைவி வஜிஹா இரண்டு டம்ளர் டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள். வழக்கமாக வினோதாவை விசாரிக்கிறவள், அன்று விசாரிக்கவில்லை.

“பாய், நான் பண்ணது...”

“என்னா பண்ண?”

“கல்யாணத்துக்கு ஓட்டிக்கினு போனன். வெடி வெச்சிட்டாங்க. அதனாலதான் அது மெரண்டுது. வார் சரியாத்தான் இருந்துச்சு. நான் வெரல் வெச்சிப் பாத்தன்.”

முனீர் டீயைக் குடித்து முடித்தார். “எனக்குத் தெரிஞ்சதையே எனக்குச் சொல்றதுக்கா ஆறு கிலோமீட்டர் வந்த?”

“மன்னிச்சிடுங்க பாய்.”

“மன்னிப்பு குடுத்தா வாங்கிக்கினு போய் நிம்மதியாப் படுத்துக்குவ. நான் குடுக்கமாட்டன். எங்க பொண்ணு ஹாஸ்டல்லருந்து போன் பண்ணி, வாப்பா கட்டுன வார் அவுந்துருச்சாமேன்னு கேட்டுது. பண்ணைக்கு வந்த யாரோ எழுதிப் போட்டத அவ ஃப்ரெண்டு காட்டியிருக்கா. வேல போனா வேற வேல. அது பரவால்ல. இருபத்தாறு வருசமாக் கட்டினது போச்சு.” அவர் சுத்தியலையும் ஆணிகளையும் பொறுக்கிப் பையில் போட்டார். “சொல்ல வேண்டிய எடத்துல சொல்ல வாய் வரல. இங்க வந்துட்ட. எந்திரி, போ.”

சம்பங்கி பஸ் ஏறாமல் ஆறு கிலோமீட்டரும் நடந்தே வந்தான். வழியில் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னார்கள். ஏறவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சாரிடம் சொல்லிவிடலாம் என்று போனான், மூன்று நாளும் புல்லைப் போட்டுவிட்டுத் திரும்பினான். நான் இதை அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. அவன் பயந்தான். வேலை போய்விடும் என்பதைவிட, மாமனார் முன்னால் பழையபடி ஆகிவிடுவோம் என்றுதான் பயந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புரோக்கரின் லாரி வந்தது. பின்கதவைத் தாழ்த்திப் பலகை போட்டார்கள். ரூபி பலகையில் கால் வைக்க மறுத்து முன்னங்காலைத் தூக்கித் தூக்கி அடித்தது. புரோக்கரின் ஆட்கள் இரண்டு பேர் பின்னால் கயிறு போட்டு நெம்பப் பார்த்தார்கள். ஒருவனுக்கு உதை விழுந்தது. சுவாதி கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள். குதிரையைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துதான் அன்புமணியின் வாடகை வேன் கேட்டுக்குள் நுழைந்தது. புதுப்பெண் மேகலா, திம்மராயன், இரண்டு சித்தப்பாமார்கள். அவர்களோடு வினோதாவும் இறங்கினாள்.

“சம்பங்கி, நீயே ஏத்திடு. உனக்குத்தான் கேட்கும்” என்றார் ஹரீஷ்குமார்.

மேகலா போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள். சம்பங்கி கயிற்றை வாங்கிக்கொண்டான். அடிக்கவில்லை, இழுக்கவில்லை. நெற்றி மயிரை ஒதுக்கி, காதில் என்னவோ சொல்லிவிட்டு முன்னால் திரும்பி நடந்தான். செவலை அவன் பின்னாலேயே பலகைமேல் கால் வைத்தது. ஒரு அடி, இன்னொரு அடி. லாரிக்குள் ஏறி, அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. கீழே அன்புமணி கை தட்டினான்.

சம்பங்கி கயிற்றை லாரிக் கம்பியில் கட்டப் போனான். கட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டான். அந்தப் பிராணி இந்த வண்டியில் ஏறியது இவன் சொன்னான் என்பதற்காக. அவனுக்குத் தன் உடம்பே அருவருப்பாக இருந்தது. அப்படியே திரும்பி நின்றான். எல்லோரும் கீழே இருந்தார்கள், அவன் மேலே.

“சார், இது பைத்தியக் குதிரை இல்ல” என்றான். “உங்களுக்குத் தெரியாம எங்க மச்சினன் கல்யாணத்துக்கு ஓட்டிக்கினு போனன். வெடி வெச்சதுல கால் வெந்துடுச்சு, பயந்துபோச்சு. வெளிய எடுக்காதன்னு முனீர் பாய் சொன்னாரு. உங்ககிட்ட நான் சொல்லல. அந்தம்மா உழுந்ததும் நான் வாரை வெரல் வெச்சிப் பாத்தன் சார். சரியா இருந்துச்சு. கவனிக்கலன்னு உங்ககிட்ட பொய் சொன்னன்.” பிறகு மாமனார் பக்கம் திரும்பினான். “மாமா, இந்தப் பண்ணை இந்தச் சாரோடது. நான் இங்க லத்தி அள்றவன்தான்.”

மேகலா போனை மெதுவாகத் தாழ்த்தினாள். சுவாதி அவனையே பார்த்தாள். “நானும் சேணம்தான்னு சொல்லிட்டேனே அண்ணா. அந்தத் தாத்தா என்ன ஆனாரு?” என்றாள். அவள் அவனைத் திட்டியிருக்கலாம்.

திம்மராயன் செருப்பைக் கழற்றினார். அவனை அடிக்க வருகிறார் என்றுதான் வினோதாவே நினைத்தாள். அவர் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஹரீஷ்குமார் முன்னால் போய்க் கை கூப்பினார்.

“சாமி, வெடி வெச்சது எங்க ஊட்டுப் பசங்க. பக்கத்துல நின்னு சிரிச்சது நானு. நானும் மாடு வெச்சிருந்தவன், அது நடுங்கறது என் கண்ணுக்கும் தெரிஞ்சுது. தப்பு எங்க ஊட்டுது.”

“மாமா, உடுங்க” என்றான் சம்பங்கி மேலிருந்து. அவர் கையை இறக்கவில்லை. யாருக்கும் குனியாத மனுஷன் தன்னால் குனிந்து நிற்பதை அவன் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

ஹரீஷ்குமார் முனீருக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொல்லி, தன்மேலும் தப்பு இருக்கிறது, திரும்ப வர வேண்டும் என்று கேட்டார். அந்தப் பக்கம் முனீர் ஒன்றுதான் கேட்டார்.

“அவனே சொன்னானா சார்? யாரும் கேக்காம?”

“அவனேதான் சொன்னான் பாய்.”

“சரி. வர்ரன். ஆனா அவன் அங்க இருந்தா வரமாட்டன். கோவத்துல சொல்லல சார். நான் வார் கட்டணும், அவன் கூடப் போவணும். இனிமே அது ஒத்து வராது.”

ஹரீஷ்குமார் சம்பங்கியைப் பார்த்தார்.

“பாய் சொல்றது சரிதான் சார்” என்றான் சம்பங்கி.

ரூபி இங்கேயே இருக்கட்டும் என்று ஹரீஷ்குமார் சொன்னதும், லாரிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே காலி வண்டியோடு போகத் தயாரானான். குதிரையைக் கீழே இறக்குவதற்கும் சம்பங்கிதான் வேண்டியிருந்தது. இறக்கிக்கொண்டு போய் லாயத்தில் கட்டி, தண்ணீர் காட்டி, புண்ணில் மருந்து வைத்துவிட்டு வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

வேனில் எல்லோரும் ஏறினார்கள். வீட்டில் கோழிக்குழம்பும் இனிப்புக்கு ஒப்பிட்டும் காத்திருந்தன. புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. திம்மராயன் ஜன்னல் ஓரமாக நகர்ந்து, சம்பங்கிக்குப் பக்கத்தில் இடம் விட்டார். வண்டி தார்ச்சாலையில் ஏறியது.

“ஊருல கேக்கறவங்ககிட்ட ஆறு வருசமா நான் மாப்ள கம்பெனில சூப்பர்வைசருன்னுதான் சொல்லிக்கினு இருந்தன்” என்றார் திம்மராயன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “ஒரு பொய்ய நீ மட்டுமா சொன்ன.”

சம்பங்கி தலையைத் தூக்கவில்லை. இதைக் கேட்பதற்கு விழாமல் போன அந்தச் செருப்படியே மேல் என்றிருந்தது.

“இனிமே கேட்டா என்னான்னு சொல்லட்டும்? குதிரைக்கு வேல செஞ்சான்னு சொல்லவா, அந்த வேலையும் போச்சுன்னு சொல்லவா?”

“ரெண்டையும் சொல்லுங்க மாமா” என்றான் சம்பங்கி. “எதனால போச்சுன்னு கேப்பாங்க. அதையும் சொல்லுங்க. வார் கட்டினது முனீர் பாய், அது அவுழலன்னு சேத்து சொல்லுங்க.”

பின்சீட்டிலிருந்து வினோதா ஒரு தண்ணீர் பாட்டிலை அவன் தோளுக்கு மேலாக நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.